கற்கட்டடத்தின் வயது

நாவலப்பிட்டியிலிருந்து மலையேறும் புகையிரதம் வட்டவளையைத் தாண்டிய பின், ஹற்றனை அடைவதற்கு முன்பாக, றொசல்ல என்னும் சிறிய நிலையம் வரும். இருமருங்கிலும் தேயிலைச் செடிகள். அவற்றிடையே தலைநீட்டும் கரும்பாறைகள். பாதையைத் தாங்கி நிற்பவை பொளிந்த கற்களால் அடுக்கிய அணைகள், மதகுகள். இந்தக் கல்லணைக்கு வயது எவ்வளவு என்று ஒரு மாணவன் வினவினால் அதற்கு இரண்டு விடைகள் உண்டு, இரண்டும் உண்மையானவையே.

மத்திய மலைநாட்டுப் பாறைகள் நிலத்தின் ஆழத்திலே பெருவெப்பத்தாலும் பேரழுத்தத்தாலும் இன்றைய உருவத்தை அடைந்து ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேலாகின்றன. இது கல்லின் வயது. அக்கல்லை உடைத்து, பொளிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி வைத்த மனிதக் கைகளின் வேலைக்கோ ஒன்றரை நூற்றாண்டுக்கும் சற்றுக் குறைந்த வயதே உண்டு. இரும்புப் பாதை 1874ஆம் ஆண்டில் நாவலப்பிட்டியை அடைந்தது. 1884ஆம் ஆண்டில் ஹற்றனை எட்டியது. றொசல்லவின் ஊடாகச் செல்லும் பகுதி அவ்விடைக்காலத்தில் அமைந்ததாதல் வேண்டும். இது கட்டடத்தின் வயது.

புகையிரதப் பாதைக்குக் காகிதத்தில் எழுதிய சான்று இருப்பதனால் இக்கணக்கு எளிதாயிற்று. காகிதமும் ஏடும் அழிந்துபோன பழைய கோயில்களுக்கும் விகாரைகளுக்கும் கோட்டைகளுக்கும் காலத்தைக் குறிப்பது எவ்வாறு? கல்லை ஆய்வுகூடத்திற்குக் கொண்டுசென்று சோதித்தால் அது தன் சொந்த வயதையே கூறும். தன்னைக் கட்டடத்தில் வைத்தவன் யார், எப்பொழுது வைத்தான் என்பதைத் தானாகக் கூறாது. ஆகவே ஆராய்ச்சியாளர் கல்லைச் சூழ்ந்துள்ளவற்றை வினவுகின்றனர். கல்லின்மேல் உள்ள எழுத்து, கல்லுக்குக் கொடுத்த வடிவம், கல்லுக்கு அடியிலும் இடையிலும் அகப்பட்ட பொருள் ஆகிய மூன்றுமே அவர்களுக்குச் சாட்சிகள். ஒவ்வொரு சாட்சிக்கும் ஒரு வலிமை உண்டு. ஒரு குறையும் உண்டு.

முதலாவது சாட்சியாகிய எழுத்தைக் காண்பதற்கு நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. றொசல்லவிலிருந்து கீழிறங்கும் புகையிரதம் கம்பளையைக் கடந்து பேராதனையை அடையும். அங்கிருந்து சிறிது தூரத்தில், பிலிமத்தலாவைக்கு அண்மையில், கடலாதெனிய விகாரை வெறும் பாறையொன்றின் மீது கருங்கல்லாற் கட்டப்பட்டு நிற்கின்றது. கம்பளையிலிருந்து அரசாண்ட நான்காம் புவனேகபாகு மன்னனின் காலத்தில், தர்மகீர்த்தி தேரரின் முயற்சியால் எழுந்த விகாரை அது. பாறையிற் பொறித்த சாசனம் சக ஆண்டு 1266 எனக் குறிக்கின்றது. சக ஆண்டுடன் 78ஐக் கூட்டினால் கிறித்துவ ஆண்டு கிடைக்கும். ஆகவே அது 1344. கட்டிய தலைமைச் சிற்பி கணேசுவராசாரி என்னும் தென்னிந்தியத் தபதி என்பதும் தெரிகின்றது. அதற்கு அயலிலே உள்ள இலங்காதிலக விகாரையும் அதே ஆண்டுக்குரியது. அங்குள்ள பாறையிற் சிங்களத்திலும் தமிழிலும் சாசனங்கள் உள்ளன. மன்னன், தேரர், தபதி, ஆண்டு என அனைத்தையும் ஒருங்கே கூறும் கட்டடங்கள் மிகச் சிலவே. அவ்வகையிலே கம்பளைக் காலத்து இவ்விரு விகாரைகளும் வரலாற்று மாணவனுக்குப் பெரும் பேறு.

எல்லாச் சாசனங்களும் இவ்வாறு சக ஆண்டைக் கூறுவதில்லை. பெரும்பாலானவை மன்னனின் ஆட்சியாண்டையே கூறும். தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் இராசராச சோழன் தனது இருபத்தைந்தாம் ஆண்டின் 275ஆம் நாளில் விமானத்துக்குக் கலசம் அளித்தான் என்று அக்கோயிற் கல்வெட்டே கூறுகின்றது. அந்த மன்னன் பட்டத்துக்கு வந்தது 985ஆம் ஆண்டு எனத் தெரிந்தமையாலேயே கலசம் ஏறியது 1010ஆம் ஆண்டு என முடிவு செய்ய முடிந்தது. அதற்கு முன்னர் அக்கோயில் கரிகாலன் கட்டியதென்ற கதை வழங்கி வந்தது. ஊல்ச் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1886ஆம் ஆண்டு முதல் சென்னை அரசாங்கத்தின் கல்வெட்டாய்வாளராக இருந்து சுவர்களிலிருந்த எழுத்தை வாசித்த பின்னரே கதை விலகி, கணக்கு நிலைபெற்றது.

ஆட்சியாண்டுகளைச் சரிபார்ப்பதற்கு வானமும் துணை செய்கின்றது. பழைய சாசனங்கள் பலவற்றில் கிழமை, திதி, நட்சத்திரம் ஆகியவை குறிக்கப்பட்டிருக்கும். சிலவற்றிற் கிரகணமும் இடம்பெறும. இவை யாவும் ஒருங்கே பொருந்தும் நாள் பல நூற்றாண்டுகளுள் மிக அரிதாகவே வரும். எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை இவ்வகைக் கணக்குகளுக்கெனப் பெரும் அட்டவணைகளை வகுத்து 1911ஆம் ஆண்டிலும் 1922ஆம் ஆண்டிலும் நூல்களாக வெளியிட்டார். தென்னாட்டு அரசர் பலரின் ஆண்டுகள் அவற்றின் துணையால் உறுதிபெற்றன.

எழுத்து இத்துணை வலிமையுடையதாயினும் அதனைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புதல் ஆகாது. சோழநாட்டுத் திருமழபாடிக் கோயில் இதற்குத் தக்க சான்று. இராசராசன் தனது இருபத்தெட்டாம் ஆண்டில் அக்கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டான். பிரிப்பதற்கு முன்னர், சுவரிலிருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுமாறும் பணித்தான். அவன் மகன் இராசேந்திரனின் பதினான்காம் ஆண்டில் அவை புதிய சுவரில் மீண்டும் பொறிக்கப்பட்டன. பழைய மன்னரின் ஆண்டைக் கூறும் எழுத்து புதிய சுவரில் இருக்கின்றது! இச்செய்தியை அறியாத ஒருவர் அதனை வாசித்தால், சுவரின் வயதை உண்மைக்கு மேலாகக் கூட்டிச் சொல்லிவிடுவார்.

கல்லே இடம்பெயர்ந்து விடுவதும் உண்டு. திருகோணமலையிற் போர்த்துக்கேயர் 1620களிற் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். குளக்கோட்டன் பெயர் கூறும் தமிழ்க் கல்வெட்டுத் துண்டு கோட்டை வாயிற் சுவரில் இன்றும் உள்ளது. அக்கல்லைக் கொண்டு கோட்டையின் வயதைக் கணிக்கவும் இயலாது. கோட்டையைக் கொண்டு கல்வெட்டின் வயதைக் கணிக்கவும் இயலாது.

ஆண்டு நேராகக் கிடைக்காதபோது இரு எல்லைகளுக்கு இடையிற் காலத்தை நிறுத்துவது ஆராய்ச்சியாளர் வழக்கம். பொலன்னறுவையில் இரண்டாம் சிவாலயம் என அழைக்கப்படும் கற்கோயிலின் பழைய பெயர் வானவன்மாதேவி ஈச்சரம். இராசராசனின் தேவி பெயரால் அமைந்தமையின் அது அவன் காலத்துக்கு முற்பட்டதாக இருத்தல் இயலாது. அதிராசேந்திர சோழனின் கல்வெட்டு அக்கோயிலில் இருப்பதனால், 1070ஆம் ஆண்டளவில் அது எழுந்து நின்றிருத்தல் வேண்டும். இவ்விரண்டு வேலிகளுக்கும் உட்பட்டதே கோயிலின் பிறந்தநாள். நாள் இன்னதென்று தெரியாவிடினும் நூற்றாண்டு தெளிவாகிவிடுகின்றது.

இரண்டாவது சாட்சி வடிவம். எழுத்தில்லாத கோயிலிலும் தூணுண்டு, போதிகையுண்டு, கூடுண்டு. போதிகை என்பது தூணின் தலையிலிருந்து உத்தரத்தைத் தாங்கும் கை. பல்லவர் காலத்திலே அதன் முகம் வளைந்து, அலையலையான வரிகளுடன் இருந்தது. சோழர் காலத்திலே அது சரிவாக வெட்டப்பட்டது. விசயநகரக் காலத்திலே தலைகீழாகத் தொங்கும் பூமொட்டாக மாறியது. கொடுங்கையில் வரிசையாக இருக்கும் குதிரைலாட வடிவான கூடுகளும் இவ்வாறே மாறின. பல்லவர் கூட்டின் உச்சி மண்வெட்டியின் அலகு போன்றது, சோழர் கூட்டின் உச்சியிற் சிங்கமுகம் தோன்றும். புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த ழூவோ துப்ரேய் என்னும் பிரெஞ்சு அறிஞர், கல்வெட்டால் ஆண்டு தெரிந்த கோயில்களை முதலில் வரிசைப்படுத்தி, அவற்றின் உறுப்புகள் மாறிய முறையைக் கண்டு, 1914ஆம் ஆண்டிற் பெருநூலொன்றை வெளியிட்டார். ஆண்டு தெரியாத கோயிலை அந்த வரிசையில் உரிய இடத்திற் பொருத்தும் வழி அதனாற் பிறந்தது.

இம்முறையின் குறையும் வெளிப்படையானதே. தந்தையிடம் கற்ற வடிவத்தை மகனும் பேரனும் மாற்றாது செதுக்கக்கூடும். தலைநகரிற் புதுமை தோன்றி அரை நூற்றாண்டு சென்ற பின்னரும் தொலைவிலுள்ள ஊர்களிற் பழமை தொடரக்கூடும். கடல் கடந்து வந்த தபதி தன் நாட்டு வழக்கை இந்நாட்டு வழக்குடன் கலந்து புதிய உருவமொன்றை ஆக்கவும் கூடும். ஆதலின் வடிவம் நூற்றாண்டைக் காட்டும், ஆண்டைக் காட்டாது. சிற்சில இடங்களில் நூற்றாண்டையும் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டாது.

அத்தகைய இடம் ஒன்று மாத்தளை மாவட்டத்தில் உள்ளது. மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் வீதியில், ஏறத்தாழ இருபது கிலோமீற்றர் தூரத்தில், நாலந்தா கெடிகே என்னும் கற்கோயில் உண்டு. திராவிட முறையில் அமைந்த மண்டபமும் கருவறையும் உடைய பௌத்த ஆலயம் அது. இந்நாட்டின் முதலாவது தொல்பொருள் ஆணையாளரான எச். சி. பி. பெல் 1911ஆம் ஆண்டில் அதனைக் காடு நீக்கி ஆராய்ந்தார். கட்டியவர் பெயரையும் ஆண்டையும் தெளிவாக உரைக்கும் சாசனம் இன்மையால், அறிஞர் அதன் வடிவத்தைக் கொண்டே காலம் கணித்து வந்துள்ளனர். பல்லவச் சாயலைக் கண்டோர் எட்டாம் நூற்றாண்டு என்பர். ஏனையோர் பத்தாம், பதினோராம் நூற்றாண்டுகள் வரை இறக்குவர். ஒரே கட்டடத்துக்கு முந்நூறு ஆண்டு வேறுபாடு!

இங்கே மூன்றாவது சாட்சியாகிய பொருள் தேவைப்படுகின்றது. இது இருபதாம் நூற்றாண்டு விஞ்ஞானம் அளித்த சாட்சி. அமெரிக்க இரசாயன அறிஞர் வில்லார்ட் லிபி 1949ஆம் ஆண்டில் காபன் முறையை வெளியிட்டார். அதற்காக 1960ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். அதன் அடிப்படை எளிதானது. வான்வெளியிலிருந்து வரும் கதிர்கள் காற்றிலுள்ள நைதரசனைத் தாக்குவதாற் காபன் 14 என்னும் கதிர்வீசும் காபன் ஓயாது உண்டாகின்றது. செடிகொடிகள் அதனைக் காற்றிலிருந்து ஏற்கின்றன. அவற்றை உண்ணும் உயிர்களும் அதனைப் பெறுகின்றன. உயிர் நீங்கியதும் வரவு நின்றுவிடும். செலவு மட்டும் தொடரும். 5730 ஆண்டுகளில் இருந்ததிற் பாதி அழியும். மற்றொரு 5730 ஆண்டுகளில் எஞ்சியதிற் பாதி அழியும். எஞ்சியிருப்பதை அளந்தால் உயிர் நீங்கிய காலம் புலப்படும். லிபி தம் முறையைச் சோதிப்பதற்கு எகிப்திய மன்னன் சோசரின் கல்லறை மரம் போன்ற, வயது முன்னரே தெரிந்த பொருள்களையே தெரிந்தெடுத்தார். காற்றிலுள்ள காபன் 14இன் அளவு காலந்தோறும் சிறிது மாறி வந்தமையால், மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணி அமைத்த அட்டவணையைக் கொண்டு இன்று இக்கணக்கைத் திருத்திக்கொள்கின்றனர்.

கருங்கல் ஒருபோதும் உயிருடன் இருந்ததன்று. ஆகவே கல்லில் இம்முறை செல்லாது. ஆனால் கற்கட்டடத்தைச் சுற்றி உயிருள்ளவை பல இருந்தன. அத்திவாரத்துக்குக் கீழே ஒருவர் மூட்டிய அடுப்பின் கரி கிடைக்கலாம். சுவர்ப் பூச்சிற் கலந்த உமி கிடைக்கலாம். வாயிலின் மேலே பாலை மரத்து உத்தரம் இருக்கலாம். சுண்ணச்சாந்தும் துணையாகும்; சுண்ணாம்பைச் சுடும்போது பழைய காபன் வெளியேறி, சாந்து இறுகும்போது அக்காலக் காற்றின் காபன் அதனுட் புகுகின்றது.

இவை ஒவ்வொன்றும் கூறுவது வேறு வேறு செய்தி என்பதை மறத்தலாகாது. அத்திவாரத்தின் அடியிலுள்ள கரி, கட்டடம் தனக்குப் பிந்தியது என்று மட்டுமே கூறும். எத்தனை ஆண்டு பிந்தியது என்பதைக் கூறாது. உத்தரம் மரத்தின் வயதைக் கூறும். மரமோ வெட்டப்படுவதற்கு முன் நூறாண்டு வாழ்ந்திருக்கலாம், பழைய கட்டடமொன்றிலிருந்து கழற்றி வந்ததாகவும் இருக்கலாம். ஓராண்டிற் பிறந்து ஓராண்டில் மடியும் நெல்லின் உமியே இவ்வகையில் நம்பத்தகுந்த சாட்சி. எகிப்தியப் பிரமிட்டுகள் இதனை உலகுக்குக் கற்பித்தன. அவற்றின் சாந்திலே சிக்கியிருந்த கரியை 1984ஆம் ஆண்டிற் சோதித்தபோது, வரலாற்றறிஞர் கணித்த காலத்திலும் சராசரியாக 374 ஆண்டுகள் முற்பட்ட விடை வந்தது. 1995ஆம் ஆண்டில் மேலும் பல மாதிரிகளைச் சோதித்தபோது வேறுபாடு நூறு முதல் இருநூறு ஆண்டுகள் வரை எனச் சுருங்கியது. சாந்துக்கான கல்லைச் சுடுவதற்குப் பழைய விறகையும் கழிவு மரத்தையும் எரித்தமையே அதற்குக் காரணமாகக் கூறப்படுகின்றது. கருவி பிழை செய்யவில்லை. கரியிடம் கேட்ட கேள்விக்குக் கரி தன் வயதையே சொன்னது.

இந்நாட்டிலும் இம்முறை அரிய பயன் விளைத்துள்ளது. அநுராதபுரத்துப் பழைய நகரில் சிரான் தெரணியகலையும் ரொபின் கொனிங்ஹாமும் நடத்திய அகழ்வுகளிலே, பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகள் கிடைத்த மண்படைகளின் கரி சோதிக்கப்பட்டது. கி. மு. நான்காம் நூற்றாண்டளவிலேயே அங்கே எழுத்து வழங்கியது என்பது அதனாற் புலனாயிற்று. குகைகளின் நெற்றியிலுள்ள பிராமிச் சாசனங்களுக்கு எழுத்தின் உருவத்தை மட்டும் கொண்டு காலம் கணித்து வந்த ஆராய்ச்சிக்கு, மண்ணிலிருந்து இவ்வாறு ஒரு நங்கூரம் கிடைத்தது.

கல்லையே வினவும் வழி ஒன்றும் பின்னர்ப் பிறந்தது. கருங்கல்லிற் பளிங்கு போன்ற குவார்ட்சு மணிகள் உண்டு. கல்லிலும் மண்ணிலும் சிறிதளவில் உள்ள யுரேனியம், தோரியம், பொற்றாசியம் ஆகியவற்றின் கதிர்வீச்சு அம்மணிகளிற் சிறிது சிறிதாகச் சத்தியைச் சேர்த்து வைக்கின்றது. சூரிய ஒளி பட்டதும் மேற்பரப்பிற் சேர்ந்த அச்சத்தி வெளியேறிக் கணக்கு வெறுமையாகின்றது. சிற்பி கல்லைப் பொளிந்து வெயிலில் வைத்திருக்கும்போது அதன் முகத்தில் இக்கணக்கு அழிகின்றது. அந்த முகத்தின் மேல் மற்றொரு கல்லை ஏற்றிவிட்டால் இருள் சூழ்கின்றது. அன்றிலிருந்து புதிய கணக்குத் தொடங்குகின்றது. உண்டியலிற் சேர்ந்த தொகையை ஆண்டு வருமானத்தால் வகுத்தால் ஆண்டுகளின் தொகை கிடைப்பது போல, மணிகளிற் சேர்ந்த சத்தியை ஆண்டொன்றுக்குச் சேரும் சத்தியால் வகுத்துக் காலத்தை அறியலாம். ஹன்ற்லி முதலிய அறிஞர் 1985ஆம் ஆண்டில் மணற்படிவுகளுக்கு இவ்வொளிர்வு முறையைக் காட்டினர். 1994ஆம் ஆண்டிலே கிரேக்க அறிஞர் லிறிற்சிஸ் இதன் அடிப்படையைப் பொளிந்த கற்கட்டடங்களுக்குப் பயன்படுத்தும் வழியை வெளியிட்டார். செங்கல்லுக்கும் இவ்வகை முறை பொருந்தும்; அங்கே வெயிலுக்குப் பதிலாகச் சூளையின் வெப்பமே பழைய கணக்கை அழிக்கின்றது.

ஆகவே ஒரு கற்கட்டடத்தின் வயது அதன் பொருத்துகளில் உறைகின்றது. இரு கற்கள் ஒன்றையொன்று தொடும் அந்த இருண்ட இடமே காலத்தின் பேழை. மாதிரியை இருளிலேயே எடுத்து, ஒளிபடாமற் பொதிந்து, ஆய்வுகூடத்திற் செந்நிற மங்கலொளியிலே திறத்தல் வேண்டும். பொருத்தைப் பகல் வெயிலில் ஒருமுறை திறந்துவிட்டாற் பல நூற்றாண்டுக் கணக்கும் சிறிது நேரத்தில் அழிந்துவிடும். அழிந்ததை மீட்க எந்த விஞ்ஞானத்தாலும் முடியாது.

இதனை மனத்திற்கொண்டு மீண்டும் நாலந்தா கெடிகேயை நோக்குதல் தகும். மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின் கீழ்ப் போவத்தென்ன நீர்த்தேக்கம் அமைந்தபோது அக்கோயில் நின்ற இடம் நீரில் மூழ்கும் நிலை வந்தது. 1970களிற் கோயில் கல் கல்லாகக் கழற்றப்பட்டு, உயர்ந்த மேட்டில் மீண்டும் எழுப்பப்பட்டது. ஒரு கோயிலை நீரிலிருந்து காத்த அரும்பணி அது. ஆயினும் பழைய அத்திவாரத்துக்கும் மண்ணுக்கும் அக்கோயிலுக்கும் இருந்த தொடர்பு அன்றோடு அறுந்தது. கழற்றும்போது ஒளிபட்ட பொருத்துகளை இனி ஒருவர் சோதித்தால், கல் மீண்டும் அடுக்கப்பட்ட இருபதாம் நூற்றாண்டையே அவை கூறும். பணிசெய்தோர் மீது இதிற் குறை சொல்ல இடமில்லை. அவர்கள் கற்களைப் பிரித்த காலத்தில் ஒளிர்வு முறை பிறக்கவே இல்லை. கல்லின் முகத்திலே காலம் எழுதப்பட்டிருக்கின்றது என்பதை எவரும் அறியார். இன்று பயனற்றதெனக் கருதி எறியும் சாந்துத் துண்டு, நாளை பிறக்கும் ஒரு முறைக்கு இன்றியமையாத சான்றாகலாம் என்பதே அதிலிருந்து பெறும் பாடம்.

மற்றொரு பாடமும் உண்டு. பழைய கட்டடத்தின் காலத்தைப் பற்றிப் பேசும்போது மனிதர்க்குப் பற்று முந்துகின்றது. தம் இனத்தவர் கட்டியதாயின் ஆயிரம் ஆண்டு கூட்டுவர். பிறர் கட்டியதாயின் சில நூறு குறைப்பர். விஞ்ஞானம் இவ்விரு திசையிலும் சாய்வதில்லை. ஓர் ஆய்வுகூடம் 1150 ஆண்டு, கூட்டல் கழித்தல் 50 என்று எழுதுமாயின், நூற்றுக்கு அறுபத்தெட்டு அளவில் உண்மை அந்த நூறாண்டு இடைவெளிக்குள் இருக்கும் என்பதே பொருள். தன் ஐயத்தின் அளவையும் சேர்த்துக் கூறும் விடையே நேர்மையான விடை. கடலாதெனியவின் பாறையோ இன்னும் சிறந்த செய்தியைக் கூறுகின்றது. சிங்கள மன்னன் ஆள, பௌத்த தேரர் முயல, தென்னாட்டுத் தபதி கட்ட எழுந்த கோயில் அது. ஆண்டு உறுதியாகத் தெரியும் இடத்தில் அந்தக் கூட்டுறவும் உறுதியாகத் தெரிகின்றது. ஆண்டு மங்கிய இடத்திலேதான் வழக்கு வளர்கின்றது.

இவை யாவும் பழைய தலைநகரங்களுக்கு மட்டும் உரியவை என்று தோட்டப்புறத்தார் கருதலாகாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 2ஆம் திகதிக்கு முற்பட்டவற்றையே இயல்பாகத் தொல்பொருள் என ஏற்கின்றது. அது கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்கு மாறிய நாள். அதற்குப் பிந்திய கட்டடத்துக்குப் பாதுகாப்பு வேண்டுமாயின் அதற்கெனத் தனியான அறிவித்தல் வேண்டும். மலைநாட்டிற் கோப்பித் தோட்டங்கள் பெருகியதும், தென்னிந்தியத் தொழிலாளர் பெருந்தொகையாக வந்ததும், பின்னர்த் தேயிலை தழைத்ததும் அந்தத் திகதிக்குப் பின்னரே. ஆகவே தோட்ட மக்களின் பழைய கோயில்கள், லயங்கள், கல்லறைகள், பாலங்கள் ஆகிய எதுவும் அச்சட்டத்தின் இயல்பான நிழலுக்குள் வருவதில்லை. அவற்றின் காலத்தைக் காப்பவர் அவற்றைச் சூழ வாழும் மக்களே.

அக்காவல் இன்று தளர்ந்துள்ளது. மரத்தடியில் ஒரு கல்லும் சூலமுமாகத் தொடங்கி, தகரக் கூரை பெற்று, பின்னர்க் கற்சுவர் எழுந்த கோயில்கள் தோட்டந்தோறும் உண்டு. வசதி பெருகியதும் திருப்பணி நடைபெறுகின்றது. அது வேண்டியதே, வழிபடும் இடம் பொலிவு பெறுதல் நன்று. ஆனாற் பழைய சுவர் ஒரே நாளில் இடிகின்றது. கொடுத்தவர் பெயரும் ஆண்டும் செதுக்கிய கல் படிக்கட்டாகின்றது. எழுத்தின்மேற் சீமெந்தும் வர்ணமும் ஏறுகின்றன. எழுத்தறியாத முன்னோர் எழுதாமற் போனவை பல. அவர்கள் வந்த காலத்துக்கும் வாழ்ந்த காலத்துக்கும் எஞ்சிய சாட்சி அக்கற்களும் அவற்றின் இடையிலுள்ள சாந்துமே.

செய்ய வேண்டியவை கடினமானவையல்ல. பிரிப்பதற்கு முன்னர்க் கட்டடத்தை நாற்புறமும் அளவுகோல் வைத்துப் படம் எடுத்தல் வேண்டும். எழுத்துள்ள கல்லைக் கம்பித் தூரிகையாற் சுரண்டாமல், மெல்லிய தாளிற் படியெடுத்தல் வேண்டும். மணியிலும் விளக்கிலும் உள்ள ஆண்டுகளையும் குறித்துக்கொள்ளல் நன்று. முதியோரிடம் கேட்டவற்றை, கூறியவர் பெயருடனும் கேட்ட நாளுடனும் கொப்பியில் எழுதி வைத்தல் வேண்டும். அத்திவாரம் தோண்டுகையிற் பழைய பானையோடும் கரியும் செங்கல்லும் காணப்படின், அவற்றை அள்ளி எடுக்காமல் வேலையை நிறுத்தித் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவித்தல் வேண்டும். இடத்தைவிட்டு நீங்கிய பொருள் பாதிச் சாட்சியை இழந்துவிடுகின்றது. பெயர் பொறித்த கல்லை, எங்கே இருந்ததென்ற குறிப்புடன், புதிய சுவரிலேயே பதித்து வைக்கலாம். புதிய திருப்பணிக்கும் ஆண்டு பொறித்த கல் ஒன்றை வைத்தல் தகும். தோட்டப் பாடசாலையின் உயர் வகுப்பு மாணவர் பத்துப்பேர் ஒரு வார விடுமுறையில் இப்பணியின் பெரும்பகுதியைச் செய்து முடிப்பர்.

இது மேனாட்டார் கற்றுத்தந்த புதுமையும் அன்று. பழைய விமானத்தைப் பிரிப்பதற்கு முன் எழுத்தைப் புத்தகத்திற் பதிந்துகொள்க என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் திருமழபாடியில் ஆணை பிறந்தது. அந்த ஆணையை அன்று நிறைவேற்றிய கணக்கரின் பணியாலேயே அதற்கும் முற்பட்ட கொடைகளின் செய்தி இன்றுவரை வாழ்கின்றது. தோட்டத்துக் கோயில் ஒன்றின் திருப்பணிக் கூட்டம் இனிக் கூடும்போது, இடிப்பதற்கு நாள் குறிக்குமுன் பதிவதற்கு ஒருநாள் குறிக்கட்டும்.